விடுப்பில் வந்தவரோடு ஓர் இரவுச் சாப்பாடு: மண்டபம் பக்கம் இருவருக்கான மேசை

திருமண நாளும் கணவரின் விடுப்பும் ஒரே மாதத்தில் அமைவது எங்களைப் போன்ற குடும்பங்களில் அபூர்வம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை இந்தக் கரையில் தெருவுக்கு நாலு வீட்டு ஆண்கள் சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ இருக்கிறார்கள். எங்கள் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. அவர் ஊருக்கு வருவது பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் சித்திரை, வைகாசியில். அதனால் அவர் வந்தபின் தோதான ஒரு நாளைப் பார்த்து, அதையே கல்யாண நாளாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று இரவு நாங்கள் இருவர் மட்டும் வெளியே போய்ச் சாப்பிடுவோம்.

கடற்கரைக்காரர்களுக்கு மீன் சாப்பிட ஹோட்டல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விடுப்பில் வந்தவர் இருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வாசலில் செருப்புக் குறையவே குறையாது. காலையில் பெரியப்பா வருவார், மத்தியானம் நாத்தனார் குடும்பம், சாயங்காலம் அவருடைய பள்ளித் தோழர்கள். இடையிடையே, அங்கிருந்து கொடுத்தனுப்பிய சாமானை வாங்க வரும் ஆட்கள். எல்லாருக்கும் தேநீர், பலருக்குச் சோறு. நான் அடுப்படியில் நிற்பேன், அவர் திண்ணையில் இருப்பார். அவருக்குப் பரிமாறி, அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு நான் தட்டை எடுக்கும்போது குழம்பு ஆறியிருக்கும், அவர் கை கழுவி எழுந்திருப்பார். ஒரே வீட்டில் இருந்தும், எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சேர்ந்து சாப்பிடாமலே விடுப்பு முடிந்துவிடும்.

ஆகவே அந்த இரவில் நான் கேட்பது இவ்வளவுதான்: நான் உட்கார்ந்திருக்க வேண்டும், சோறு சூடாக என் முன்னால் வர வேண்டும், அவர் எனக்கு எதிரில் இருக்க வேண்டும், எங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மெழுகுவத்தி, பலூன், இதய வடிவில் கேக் எல்லாம் இதற்குப் பிறகு. எந்த நாளில் போவது, எங்கே போவது, எந்த மேசையில் உட்காருவது, என்ன கேட்பது எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் என்னிடம் விசாரித்துவிட்டுத் தாங்களும் போய்வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நாள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பழுதுபார்த்துச் சாயம் பூசிக்கொண்டிருப்பார்கள். நாட்டுப்படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய்வரும். எங்கள் வீட்டு ஆண்கள் விடுப்பில் வருவதும், பள்ளி விடுமுறைக்குச் சுற்றுலாக் கூட்டம் குவிவதும் இதே மாதங்களில்தான். மீன் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றால் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்களில் உணவகக் கண்ணாடிப் பெட்டியில் பெரிய மீன் அடுக்கியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். கேரளக் கரையிலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வந்தது என்பார்கள். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கிறது. மே மாதம் முழுவதும் அங்கே படகு ஓடும். லாரியில் வருவதாலேயே அது கெட்ட மீன் ஆகிவிடாது. ஆனாலும் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, வெகுதூரம் பயணம் செய்த மீனுக்கு அதிகக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது. தடைக்காலத்தில் போனால் நாட்டுப்படகில் வரும் நகரை, முரல், நண்டு, கணவாய் என்று கேட்டுச் சாப்பிடுவது நல்லது. பெரிய துண்டு மீன் ஆசையை அடுத்த விடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

மற்ற மாதங்களில் கிழமையும் பார்க்க வேண்டும். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புவது நெடுநாளைய ஏற்பாடு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அப்படியானால் பெரிய படகு மீன் கரைக்கு வருவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில். ஞாயிற்றுக்கிழமை இரவு எந்த உணவகத்திலும் நிம்மதியாக உட்கார முடியாது. வேன் வேனாக ஆட்கள் இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமை பல வீடுகளில் கவிச்சி கிடையாது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மிஞ்சுவது வியாழன். வியாழக்கிழமை இரவுக்குச் சமமான இரவு இந்தக் கரையில் இல்லை என்பது என் எண்ணம். மீன் புதிது, கூட்டம் குறைவு, சமைப்பவர்களுக்கும் பொறுமை இருக்கும்.

கிழமையை மட்டும் நம்பியும் இருந்துவிடக் கூடாது. காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் கொடுக்காது, படகு போகாது. நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் துறைமுகமே வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். அன்று காலை பத்து மணிவாக்கில் உணவகத்துக்கு ஒரு போன் செய்து, “இன்றைக்குப் படகு வந்ததா, என்ன மீன் எடுத்தீர்கள்?” என்று கேட்டுவிட்டால் போதும்.

அடுத்தது காற்று. மண்டபம் ஒடுங்கிய நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலும் ஒரே நாளில் ஒரே குணத்தில் இருப்பதில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பியதும் நிலைமை தலைகீழ். கடலைப் பார்த்த மேசை வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆடி மாதம் தெற்குக் கரையோரக் கொட்டகையில் சாப்பிட்டால் வாழை இலை நிற்காது, பறக்கும் மணல் சோற்றில் நறநறக்கும், எதிரில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. அங்கே பரிமாறும் பையன்கள் இலையின் நுனியில் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பகலில் ஒரு மணி நேரம் அது நன்றாகத்தான் இருக்கும். மனம்விட்டுப் பேச நினைக்கும் இரவுக்கு ஒத்துவராது. காற்றுக் காலத்தில் போனால் சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டைச் சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தையும் மாசியும் வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. இரு பக்கமும் கடல் தணிந்திருக்கும், இரவில் லேசான குளிர் இருக்கும். இந்த முறை அவருக்கு விடுப்பு தையில் கிடைத்ததை நான் பெரிய பாக்கியமாக நினைத்தேன்.

ராமேசுவரம் ஊருக்குள் இப்படி ஒரு சாப்பாட்டுக்கு நான் போகமாட்டேன். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் யாத்திரிகர்களுக்கானவை. சைவ உணவகங்கள் நிறைய இருக்கின்றன, வயிறு நிறையும், ஆனால் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருப்பார். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். சைவம் சாப்பிடும் தம்பதியருக்கு ராமநாதபுரம் நகரில் சற்று வசதியான உணவகங்கள் கிடைக்கும். கடல் இருக்காது, அமைதி இருக்கும்.

தனுஷ்கோடியைப் பலர் கேட்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு யார் வேண்டுமானாலும் காரிலேயே போய்விடலாம். வழியில் மீனவக் குடும்பங்கள் குடிசையில் பொரித்துத் தரும் மீன் அருமையாக இருக்கும். ஆனால் இருட்டும் முன்பே போலீசார் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே இரவுச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பாம்பன் பாலத்தில் சற்று நேரம் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுவதைப் பார்க்கவும், ரயில் போவதைப் பார்க்கவும் சாலைப் பாலத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் நெரிசல் இன்னும் கூடும். ஏழு மணிக்கு மேசை சொல்லியிருந்தால் ஐந்தரைக்குள் பாலத்தைப் பார்த்து முடிப்பது நல்லது.

நாங்கள் போனது மண்டபம் போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்வாங்கியிருக்கும் சிறிய உணவகம். முன்னால் வேப்பமரம், ஓட்டுக் கூரை, ஏழெட்டு மேசைகள். முதலாளியின் மனைவியும் அவருடைய அக்காவும் சமைக்கிறார்கள். இந்த இடத்தைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் அத்தையை மருத்துவரிடம் கூட்டிப்போய்த் திரும்பும்போது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய் ஒரு தேநீர் குடித்தோம். எந்த உணவகத்தையும் அது பரபரப்பாக இருக்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தால் எல்லா இடமும் அமைதியாகத்தான் இருக்கும்.

அந்தத் தேநீர் குடிக்கும் நேரத்தில் நான் பார்த்தவை: தொலைக்காட்சி எங்கே இருக்கிறது, கை கழுவும் இடம் எங்கே, கழிப்பறை சுத்தமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, கொசு கடிக்கிறதா. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால், சாப்பிட்டு எழும் ஒவ்வொருவரும் நம்மைக் கடந்து போவார்கள், கொப்பளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தால் கணவரின் கண் தானாக அங்கே போய்விடும். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அவருக்குத் திரை முதுகுப் பக்கம் இருக்கும்படி நாம்தான் உட்கார வைக்க வேண்டும். குடும்ப அறை என்று திரை போட்ட தடுப்புகள் பல உணவகங்களில் இருக்கின்றன. அதில் தனிமை இருக்கும். ஆனால் புழுக்கமும் இருக்கும், பரிமாறுபவர்கள் நம்மை மறந்தும் விடுவார்கள். தண்ணீர் கேட்க மணி அடித்துக்கொண்டிருப்பதைவிட, திறந்த கூடத்தில் மூலை மேசை மேல். அங்கே ஜன்னலோரம் அப்படி ஒரு மூலை இருந்தது. வியாழக்கிழமை ஏழு மணிக்கு அதை எங்களுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“கல்யாண நாளா அக்கா? கேக் ஏதாவது சொல்லவா?” என்று கேட்டார் முதலாளி.

“கேக் வேண்டாம் தம்பி. சூடை மீன் குழம்பு வைத்துத் தருவீர்களா?”

அவர் சற்றுத் திகைத்துப் போனார். சூடை எங்கள் பக்கத்தில் வீட்டு மீன். விலை மலிவு, முள் அதிகம், உணவகப் பட்டியலில் அதைப் பார்க்க முடியாது. இறாலும் நண்டும் கேட்டு வருபவர்கள்தான் அவருக்குப் பழக்கம். “அதை ஹோட்டலில் யார் அக்கா கேட்பார்கள்?” என்றவர், உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து, கிடைத்தால் கட்டாயம் வைத்துத் தருவதாகச் சொன்னார். என் கணவர் போனில் பேசும்போதெல்லாம் கேட்பது அந்தக் குழம்பைத்தான்: மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிய சூடைக் குழம்பு. வீட்டில் நான் வைத்தால் அவர் சாப்பிடுவார், நான் பரிமாறுவேன். இருவரும் ஒரே நேரத்தில் அதைச் சாப்பிட வேண்டுமானால் வேறொருவர் சமைக்க வேண்டும். சிறிய உணவகங்களின் பெரிய நன்மை இது. ஒரு நாள் முன்பாகச் சொன்னால் பட்டியலில் இல்லாததையும் செய்து தருவார்கள். நட்சத்திர விடுதியில் இதைக் கேட்க முடியாது.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் முதலில் எங்களை உள்ளே அழைத்து மீனைக் காட்டினார். விளைமீன் ஒன்றைத் தூக்கி, கட்டைவிரலால் செவுளை விரித்தார். உள்ளே ரத்தச் சிவப்பு, வழவழப்பு இல்லை. கண் பிதுங்கித் தெளிவாக இருந்தது. விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும்பியது. செவுள் பழுப்பாக, கண் குழிந்து பால் படிந்ததுபோல் இருந்தால் அது எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கல்யாண நாளில் இதையெல்லாம் பார்ப்பதா என்று தயங்காதீர்கள். நல்ல உணவகத்துக்காரருக்கு இப்படிப் பார்ப்பவர்களைத்தான் பிடிக்கும்.

விலையையும் அங்கேயே பேசிவிட வேண்டும். முழு மீனை எடை போட்டு விற்கும் இடங்களில் பட்டியலில் விலை இருக்காது, “அன்றைய விலை” என்று மட்டும் போட்டிருப்பார்கள். முந்தைய விடுப்பு ஒன்றில் வேறோர் உணவகத்தில், கேட்காமலே பெரிய மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்து, பில்லில் நாங்கள் எதிர்பாராத தொகையைப் போட்டார்கள். அவர் தகராறு செய்யாமல் கொடுத்துவிட்டார், ஆனால் வீடு வரும்வரை பேசவே இல்லை. நல்ல இரவு ஒன்று அதில் வீணாகிப் போனது. இப்போதெல்லாம் மீனைத் தராசில் வைத்துக் கிலோ விலையைக் கேட்டு, மசாலாவும் பொரிப்பும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டபின்தான் உட்காருகிறோம். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணத்தை அவர்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. சேர்த்திருந்தால் மரியாதையாகச் சொல்லி எடுக்கச் சொல்லலாம். கையில் ரொக்கமும் இருக்கட்டும். கரையோரத்தில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காமல் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு கேட்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இருவர் உட்கார்ந்த மேசையில் எட்டுத் தட்டை அடுக்கினால் எல்லாம் ஆறிப்போகும், பாதி மிஞ்சும், அதைப் பார்த்து மனம் கணக்குப் போடத் தொடங்கும். நாங்கள் முதலில் ஊசிக்கணவாய் வறுவல் மட்டும் கேட்டோம். அதை முடித்தபின் நண்டு, அதற்குப் பிறகு சோறும் சூடைக் குழம்பும், கூட விளைமீன் பொரித்த துண்டு ஆளுக்கு ஒன்று. ஒன்று முடிந்தபின் அடுத்தது வந்தால் போதும் என்று பரிமாறும் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால் அவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், அவர்களுக்கு அதுதான் சுறுசுறுப்பு. காரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, கருஞ்சிவப்பாக இருக்கும், அதை வறுத்து அரைத்த மசாலாவுக்குத் தனி மணம். வெளியூர்க்காரர்களுக்காகச் சில இடங்களில் நிறப்பொடியைத் தூவி மீனைச் சிவக்க வைக்கிறார்கள். பொடி வேண்டாம், அரைத்த மசாலா போதும் என்று கேட்டால் செய்கிறார்கள்.

நண்டை இப்படியான இரவில் பலர் தவிர்ப்பார்கள். புடவையில் படும், கை நாறும், நாகரிகமாகச் சாப்பிட முடியாது என்பார்கள். நான் நண்டுதான் வேண்டும் என்பேன். அதை வேகமாகச் சாப்பிட முடியாது. இரண்டு கையும் அதில் இருப்பதால் போனைத் தொட முடியாது. அமாவாசையை ஒட்டிப் பிடித்த நண்டில் சதை கெட்டியாக இருக்கும், பௌர்ணமி நண்டு கூடாக இருக்கும் என்று எங்கள் மீனவர்கள் சொல்வார்கள். நான் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுக்கச் சொல்வேன். அன்று வந்தது மிளகும் பூண்டும் இடித்துப் போட்ட வறுவல். அவர் ஒரு பெரிய கொடுக்கை இலையின் ஓரத்தில் வைத்து, எவர்சில்வர் டம்ளரின் அடியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஓடு நெடுக விரிந்தது. அதைப் பிரித்து, உள்ளிருந்த சதையை உடையாமல் முழுதாக உருவி என் இலையில் வைத்தார். பிறகு இன்னொன்று. அவருடைய இலையில் ஓடுகள் மட்டும் சேர்ந்துகொண்டிருந்தன. “நீங்கள் சாப்பிடுங்கள்” என்றேன். “நீ சாப்பிடு, எனக்கு உரிக்கத்தான் பிடித்திருக்கிறது” என்றார். இத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் கையால் எனக்குப் பரிமாறிப் பார்த்தது அந்த மேசையில்தான். அதை நான் சூடாகச் சாப்பிட்டேன்.

சூடைக் குழம்பு வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். முதல் கவளத்தை வாயில் வைத்து முள்ளை நாக்கால் ஒதுக்கி எடுக்கும் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் வைக்கும் குழம்பைவிட இதில் புளி சற்றுத் தூக்கல். அவர் அதைச் சொல்லவில்லை, மூன்று முறை சோறு வாங்கினார்.

சாப்பாட்டில் என்ன பேசுவது என்பதையும் சிலர் கேட்கிறார்கள். கடன், வட்டி, அடகு, வீடு கட்டும் கணக்கு எதையும் அன்று எடுக்கக் கூடாது என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். சோறு முடியும்வரை எடுக்க வேண்டாம். முடிந்தபின் பேசாமல் எப்படி இருப்பது? தூரத்தில் இருக்கும் கணவனுக்கும் ஊரில் இருக்கும் மனைவிக்கும் அந்தக் கணக்குத்தான் வருங்காலம். வீடியோ அழைப்பில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள், அத்தை எட்டிப் பார்ப்பார், எல்லாம் நலம் என்பதற்கு மேல் பேச்சு நகராது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபின் அவர், “ஏணியில் ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். ஏசி பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. நாள் முழுவதும் மொட்டை மாடிகளில்தான். இதை அவர் போனில் ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை நாளாக வலிக்கிறது, மருத்துவரைப் பார்த்தாரா என்று கேட்டேன். அங்கிருந்து பேச்சு, இன்னும் எவ்வளவு காலம் அங்கே இருப்பது, ராமநாதபுரத்தில் சொந்தமாக ஒரு கடை போட என்ன ஆகும், அடகில் இருக்கும் நகையை முதலில் மீட்பதா என்று போனது. கண் கலங்கியது, ஆனாலும் வருத்தமான இரவு அல்ல. மறுநாள் காலையிலேயே எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனோம்.

இனிப்புக்கு இந்த மாதிரி உணவகங்களை நம்பாதீர்கள், ஐஸ்கிரீம் டப்பாவைத் தவிர ஒன்றும் இருக்காது. முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நாங்களே கொண்டுபோனோம்: கீழக்கரையிலிருந்து அவருடைய நண்பர் வீட்டில் கொடுத்தனுப்பிய தொதல். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிளறிச் செய்வது. இரண்டு துண்டு எங்களுக்கு, மீதியை அடுக்களைக்கு அனுப்பினோம். சமைத்த அக்கா இருவரும் வெளியே வந்து, குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். நேரில் நன்றி சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு எடுத்துப் போகும் பொட்டலத்தை உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போது சொன்னால், கடைசி அரை மணி நேரம் இருவரும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி முடியும். அதைவிட முக்கியம், பொட்டலம் வாங்காமல் போவதே கூடாது. பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் மறைத்துப் போகும் காரியம் இல்லை இது. “நாங்கள் இருவரும் சாப்பிட்டு வருகிறோம் அத்தை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று நேராகக் கேட்டேன்; “போய்வா, எனக்கு இடியாப்பம் வாங்கி வா” என்றார். பொய்க் காரணம் சொல்லிப் போனால் சாப்பிடும்போது நினைப்பு வீட்டிலேயே இருக்கும்.

திரும்பும் வழிக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே சாலையில் பல இடங்களில் விளக்கு இல்லை, மாடுகள் நடுவில் படுத்திருக்கும், ராமேசுவரத்திலிருந்து திரும்பும் வேன்கள் வேகமாக வரும். வயிறு நிறைந்து, பேசிக் களைத்து, பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டுவதை நான் விரும்பவில்லை. பஸ் வரும் என்று நெடுஞ்சாலையில் காத்து நிற்பதும் வேண்டாம். எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பியைப் போக வர முன்பே பேசிவைத்திருந்தோம். ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர் எட்டரைக்கே வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பரோட்டாவும் மீன் வறுவலும் சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம்.